புற்றுநோய்ச் சிகிச்சையில் உள, சமூக ஆதரவு

புற்றுநோய்ச் சிகிச்சையில் உள, சமூக ஆதரவு என்பது, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவருக்கும் அவரது குடும்பத்தினருக்கும் அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு அப்பால் தேவைப்படும் உதவிகளைக் குறிக்கும். அச்சம், துயரம், தனிமை முதலியவற்றைத் தாங்க உதவுவது உணர்வு சார்ந்த ஆதரவு எனப்படும். பயணம், தங்குமிடம், உணவு, செலவு, வீட்டு வேலை, அலுவலக விடுப்பு முதலியவற்றில் உதவுவது நடைமுறை ஆதரவு எனப்படும். இவ்விரண்டையும் தனித்தனியே விளக்குவது வழக்கம் எனினும், நோயாளரின் வாழ்வில் இவை பிரிந்து நிற்பதில்லை. அடுத்த தவணை மருந்துக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாதவரின் கவலையை ஆறுதல் சொற்கள் தீர்ப்பதில்லை. அவ்வாறே, அச்சத்தால் மருத்துவமனைக்கு வர மறுப்பவருக்குப் பயணச்சீட்டு மட்டும் போதுவதில்லை.

இவ்வாதரவு புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. குணப்படுத்தக்கூடிய சிகிச்சையை நோயாளர் இடையில் கைவிடாமல் முடிப்பதற்கும், சிகிச்சைக் காலத்தைத் துன்பம் குறைந்த ஒரு வாழ்க்கையாக வாழ்வதற்கும் இது உதவுகிறது. புற்றுநோயின் உளவியல், சமூகப் பக்கங்களை ஆராயும் மருத்துவத் துறை உளப்புற்றுநோயியல் என அழைக்கப்படுகிறது.

ஆதரவு தேவைப்படுவதற்கான காரணங்கள்

புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவதில்லை. வேதிச்சிகிச்சை (கீமோதெரபி) பொதுவாக இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல சுழற்சிகளாகத் தரப்படுகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை பல நோயாளருக்கு வாரத்தில் 5 நாட்கள் வீதம் பல வாரங்களுக்குத் தொடர்கிறது. ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காகத் தொலைவிலிருந்து வருபவர் வாரக்கணக்கில் ஊரை விட்டு வந்து தங்க நேரிடுகிறது. அக்காலத்தில் அவரது வருமானம் நிற்கிறது. உடன் வருபவரின் வருமானமும் நிற்கிறது. வீட்டில் உள்ள குழந்தைகளையும் முதியோரையும் கால்நடைகளையும் பார்த்துக்கொள்ள வேறொருவர் தேவைப்படுகிறார்.

உடல் சார்ந்த மாற்றங்களும் உள்ளத்தைப் பாதிக்கின்றன. முடி கொட்டுதல், வாய்ப்புண், வாந்தி, கடும் களைப்பு, சுவை மாறுதல் ஆகியன பரவலாகக் காணப்படும் பக்க விளைவுகள். மார்பகம், குரல்வளை, மலக்குடல் போன்ற உறுப்புகளில் செய்யப்படும் அறுவை, ஒருவர் தம் உடலைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணத்தையே மாற்றிவிடக்கூடும். சில சிகிச்சைகள் கருவளத்தைப் பாதிப்பதால், இளம் வயதினர் சிகிச்சை தொடங்கும் முன்னரே விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இத்துன்பங்கள் எல்லோரிடமும் நோயாக முற்றுவதில்லை. அச்சமும் அழுகையும் தூக்கமின்மையும் இந்நிலையில் இயல்பானவை. எனினும் ஒரு பகுதியினருக்கு அவை மருத்துவ உதவி தேவைப்படும் மனச்சோர்வாக மாறுகின்றன. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, புற்றுநோய் மருத்துவப் பிரிவுகளில் உள்ள நோயாளரில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கணித்தது. களைப்பு, பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியன புற்றுநோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும் என்பதால் இது எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் புற்றுநோய் என்ற சொல்லே நோயாளரின் முன் உச்சரிக்கப்படவில்லை. 1961 ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர் 219 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், சுமார் 90 விழுக்காட்டினர் நோயின் பெயரை நோயாளரிடம் பொதுவாகக் கூறுவதில்லை எனத் தெரிவித்தனர். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேறொரு மருத்துவமனையில் இதே வினா கேட்கப்பட்டபோது, 97 விழுக்காட்டினர் கூறுவதையே விரும்பினர். நோயாளரின் உள்ளத்தைப் பற்றிப் பேசுவதற்கு அவரிடம் நோயைப் பற்றிப் பேச முடிவதே முதற்படி என்பதால், இம்மாற்றம் இத்துறை வளர்வதற்கு அடிப்படையாக அமைந்தது.

நோயாளருக்கு நோயாளரே உதவும் முறை இதற்கு முன்னரே தோன்றியது. 1952 இல் மார்பக அறுவைக்கு உட்பட்ட தெரெசு லாசர் என்ற அமெரிக்கப் பெண்மணி, அவ்வறுவை செய்துகொண்ட பிற பெண்களை மருத்துவமனைகளில் சென்று சந்திக்கத் தொடங்கினார். கையை எவ்வாறு அசைத்துப் பயிற்சி செய்வது, எவ்வாறு உடை அணிவது போன்ற, மருத்துவர்கள் பேசாத செய்திகளை அவர் பேசினார். அவரது இயக்கம் 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துடன் இணைந்தது.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்சு 1967 இல் இலண்டனில் புனித கிறித்தோபர் நல்வாழ்வகத்தை நிறுவினார். செவிலியாகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின் மருத்துவரான அவர், 'முழு வலி' என்ற கருத்தை முன்வைத்தார். உடல் வலி, மன வலி, சமூக வலி, ஆன்மிக வலி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்றும், ஒன்றை விட்டு மற்றொன்றைத் தணிக்க இயலாது என்றும் இக்கருத்து கூறுகிறது.

உளப்புற்றுநோயியலின் முன்னோடியாகக் கருதப்படுபவர் உளநோய் மருத்துவர் சிம்மி ஆலந்து (1928 - 2017). இவர் 1977 இல் நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் இதற்கெனத் தனி உளநலப் பிரிவைத் தொடங்கினார். 1984 இல் பன்னாட்டு உளப்புற்றுநோயியல் கழகத்தையும் நிறுவினார்.

நடைமுறை ஆதரவின் வரலாற்றில் அறுவை மருத்துவர் அரோல்டு பிரீமனின் பணி குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் ஏழைப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனைக்கு வருவதைக் கண்ட அவர், 1990 இல் 'நோயாளர் வழிகாட்டி' என்னும் முறையைத் தொடங்கினார். சோதனை முடிவு வந்தது முதல் சிகிச்சை தொடங்குவது வரை, படிவம், காப்பீடு, பயணம், அச்சம் என எந்தத் தடை வந்தாலும் அதைக் கடக்க உதவுவதே வழிகாட்டியின் பணியாகும்.

உளைச்சலை அளவிடுதல்

வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளப்பது போல நோயாளரின் உள உளைச்சலையும் ஒவ்வொரு கட்டத்திலும் அளக்க வேண்டும் என்பது இத்துறையின் முக்கியப் பரிந்துரை. இதற்குப் பரவலாகப் பயன்படும் எளிய கருவி 'உளைச்சல் வெப்பமானி' ஆகும். இது தாளில் வரையப்பட்ட ஒரு வெப்பமானியின் படம். 0 என்பது உளைச்சல் இல்லாத நிலை. 10 என்பது மிகக் கடும் உளைச்சல். இன்று உட்பட கடந்த ஒரு வாரத்தில் தாம் இருந்த நிலையை நோயாளர் அதில் குறிக்கிறார். 4 அல்லது அதற்கு மேல் குறிப்பவரிடம் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

படத்துடன் ஒரு சிக்கல் பட்டியலும் இணைந்திருக்கும். குழந்தைப் பராமரிப்பு, வீடு, பணம், பயணம், வேலை, குடும்ப உறவு, கவலை, அச்சம், நம்பிக்கை சார்ந்த ஐயங்கள், வலி, தூக்கம் எனப் பல வரிகள் அதில் உண்டு. எண் எவ்வளவு உளைச்சல் என்பதைக் காட்டும். பட்டியல் எதனால் உளைச்சல் என்பதைக் காட்டும். ஒருவர் 8 எனக் குறித்ததற்குக் காரணம் மரண பயமாகவும் இருக்கலாம், மகளின் கல்லூரிக் கட்டணமாகவும் இருக்கலாம். முன்னவரை உளவியலாளரிடமும், பின்னவரைச் சமூகப் பணியாளரிடமும் அனுப்ப வேண்டும். மனநோய் என்ற சொல்லுக்கு உள்ள இழுக்கைத் தவிர்ப்பதற்காகவே உளைச்சல் என்ற பொதுச்சொல் இக்கருவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

உணர்வு சார்ந்த ஆதரவு

உண்மையைக் கூறுதல்

இந்தியா உட்படப் பல நாடுகளில் நோயின் பெயர் முதலில் குடும்பத்தினருக்கே தெரிகிறது. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என அவர்கள் மருத்துவரிடம் வேண்டிக்கொள்வது வழக்கம். இது அன்பினால் எழுவது. ஆனால் நோயாளர் பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். மருத்துவமனையின் பெயர்ப்பலகை, உடன் அமர்ந்திருப்போரின் பேச்சு, வீட்டாரின் முகம் ஆகியன அவருக்குச் செய்தியைத் தருகின்றன. குடும்பத்தினர் வருந்துவர் என எண்ணி அவரும் தெரியாதது போல் நடந்துகொள்கிறார். இதனால் ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுகின்றனர். நோயாளர் தம் சொத்து, கடன், பிள்ளைகளின் எதிர்காலம் குறித்து முடிவெடுக்கும் வாய்ப்பையும் இழக்கிறார்.

இதற்கு மாற்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கூறிவிடுவது அன்று. கடினமான செய்தியைக் கூறுவதற்கென 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆறுபடி வழிமுறை மருத்துவக் கல்வியில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. அதன் படிகள் பின்வருமாறு:

1. தனிமையான இடத்தில், அமர்ந்து, குறுக்கீடின்றிப் பேச ஏற்பாடு செய்தல்.
2. நோயாளருக்கு இதுவரை என்ன தெரியும் எனக் கேட்டறிதல்.
3. எவ்வளவு அறிய விரும்புகிறார் எனக் கேட்டறிதல்.
4. செய்தியை எளிய சொற்களில், சிறு பகுதிகளாகக் கூறுதல்.
5. அவரது உணர்ச்சிக்கு இடம் கொடுத்து, அதை ஏற்றுக்கொள்ளுதல்.
6. அடுத்து என்ன செய்வது எனச் சேர்ந்து திட்டமிட்டு, பேசியதைத் தொகுத்துக் கூறுதல்.

மூன்றாவது படி முதன்மையானது. சிலர் முழு விவரத்தையும் கேட்பர். சிலர், "என் மகனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்துக்கொள்வான்" என்பர். இரண்டுமே நோயாளரின் உரிமை. அவரைக் கேளாமலேயே பிறர் முடிவு செய்வதுதான் தவிர்க்கப்பட வேண்டியது.

செவிமடுத்தல்

உறவினரும் நண்பரும் செய்யக்கூடிய பெரிய உதவி கேட்பதாகும். "ஒன்றும் ஆகாது", "தைரியமாக இரு" போன்ற சொற்கள் நல்லெண்ணத்தில் கூறப்பட்டாலும், நோயாளர் தம் அச்சத்தைக் கூறத் தொடங்கும்போதே பேச்சை முடித்துவிடுகின்றன. "இன்று எப்படி இருக்கிறது?", "எது அதிகம் கவலையாக இருக்கிறது?" போன்ற வினாக்கள் பேச்சைத் திறக்கின்றன. பதில் தெரியாதபோது பேசாமல் உடன் அமர்ந்திருப்பதும் ஆதரவே. நோயாளர் எப்போதும் நோயைப் பற்றியே பேச விரும்புவார் என எண்ணுவதும் தவறு. ஊர்ச் செய்தி, கிரிக்கெட், திரைப்படம் ஆகியவை அவரை நோய்க்கு முந்தைய மனிதராக நடத்துகின்றன.

நலம் விசாரிக்க வருவோர், இதே நோயால் இறந்த வேறொருவரின் கதையைக் கூறுவதும், நோய் எதனால் வந்தது என ஆராய்வதும், புதிய மருந்துகளைப் பரிந்துரைப்பதும் நோயாளருக்குப் பாரமாகின்றன. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வேதிச்சிகிச்சை பெறுபவரைப் பார்க்கச் செல்லாமல் தொலைபேசியில் பேசுவது நன்று.

உடன்நோயாளர் குழுக்கள்

அதே சிகிச்சையைக் கடந்து வந்த ஒருவரைக் காண்பது, மருத்துவரின் விளக்கம் தராத ஒன்றைத் தருகிறது. மார்பகப் புற்றுநோய், குரல்வளை நீக்கம், செயற்கை மலவாய் ஆகியவற்றுக்கெனத் தனிக் குழுக்கள் பல நகரங்களில் உள்ளன. குரல்வளை நீக்கப்பட்ட ஒருவர் மீண்டும் பேசப் பயின்று எதிரே நின்று பேசும்போது, அது சாத்தியம் என்பதற்கு வேறு சான்று தேவைப்படுவதில்லை. எனினும் எல்லோருக்கும் குழு பொருந்துவதில்லை. உடன் இருந்தவரின் மறைவு சிலரை ஆழமாகப் பாதிப்பதும் உண்டு.

தொழில்முறை உதவி

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் ஆர்வமின்மை, தொடர் அழுகை, சிகிச்சையை மறுத்தல், வாழ விருப்பமின்மையைக் கூறுதல் ஆகியவை உளநல மருத்துவரின் உதவி தேவை என்பதற்கான அறிகுறிகள். வாழ விருப்பமின்மை வெளிப்பட்டால் காத்திராமல் உடனே மருத்துவக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு உளவழிச் சிகிச்சையும் மருந்துகளும் பயனளிக்கின்றன. புற்றுநோய் வந்தால் மனச்சோர்வு வரத்தானே செய்யும் என விட்டுவிடுவது சரியன்று.

நடைமுறை ஆதரவு

"ஏதாவது வேண்டுமானால் கேளுங்கள்" என்று கூறுவோர் பலர். ஆனால் கேட்பது பலருக்குக் கடினம். "செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன்", "இந்த வாரம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வருகிறேன்" என்பன போன்ற குறிப்பான உதவிகளை ஏற்பது எளிது. பரவலாகத் தேவைப்படும் உதவிகள் சில:

உடன் செல்லுதல்: மருத்துவர் கூறுவதில் பெரும்பகுதி அச்சத்தில் நினைவில் நிற்பதில்லை. உடன் செல்பவர் கேட்க வேண்டிய வினாக்களை முன்னரே எழுதிச் சென்று, பதில்களையும் குறித்துக்கொள்ளலாம்.

ஆவணங்கள்: திசு ஆய்வு அறிக்கை, இரத்தச் சோதனை முடிவுகள், ஊடுகதிர்ப் படங்கள், கொடுக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருத்தல், மருத்துவமனை மாறும்போதும் அவசர காலத்திலும் உதவும். காப்பீட்டுக்கும் நிதியுதவிக்கும் இவற்றின் படிகள் தேவைப்படும்.

காய்ச்சல்: பல வேதிச்சிகிச்சை மருந்துகளுக்குப் பின் 7 முதல் 14 நாட்களுக்குள் இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைகிறது. அக்காலத்தில் 38 பாகை செல்சியசு (100.4 பாகை பாரன்கைட்டு) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலையாகும். தாமாகவே மாத்திரை உட்கொண்டு காலை வரை காத்திருத்தல் உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டில் ஒரு வெப்பமானி, இரவிலும் அழைக்கக்கூடிய மருத்துவமனைத் தொலைபேசி எண், வண்டிக்கான ஏற்பாடு ஆகிய மூன்றும் இருப்பது ஒரு முக்கியமான நடைமுறை ஆதரவாகும்.

உணவு: ஒரே வேளையில் அதிகம் உண்ண இயலாதவருக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை தரலாம். வாய்ப்புண் உள்ளவருக்குக் காரமும் புளிப்பும் இல்லாத, குழைவான உணவு ஏற்றது. கொதிக்க வைத்த நீரும் நன்கு சமைத்த உணவும் தொற்றைத் தவிர்க்க உதவும். உண்ணவில்லை என வற்புறுத்துவது பல வீடுகளில் நாள்தோறும் சண்டையாக மாறுகிறது. பசியின்மை நோயாலும் மருந்தாலும் வருவது, பிடிவாதத்தால் அன்று என்பதைக் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டும்.

முடி: முடி கொட்டுவது எல்லா மருந்துகளாலும் நிகழ்வதில்லை. நிகழும்போது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொடங்கும். சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும். முன்னரே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுதல், தலைத்துணி அல்லது பொய்முடியை ஆயத்தமாக வைத்திருத்தல் ஆகியன அதிர்ச்சியைக் குறைக்கும்.

செலவு: மருந்துச் செலவைக் காப்பீடு ஏற்றாலும், பயணம், வாடகை, உணவு, இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் மீதே விழுகின்றன. மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவைத் தொடக்கத்திலேயே அணுகுவது, நகையை அடகு வைத்த பின் அணுகுவதை விடப் பயனுள்ளது.

பராமரிப்பவர்

நோயாளரைக் கவனித்துக்கொள்ளும் உறவினர் மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறுவதில்லை. எனினும் மருந்து கொடுப்பது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது, இரவில் விழித்திருப்பது, பணம் திரட்டுவது, உறவினருக்குப் பதில் சொல்வது ஆகிய யாவும் அவர் மீதே சுமத்தப்படுகின்றன. பெரும்பாலும் மனைவி, தாய், மகள் அல்லது மருமகள் இப்பணியை ஏற்கின்றனர். பெண்ணே நோயாளராகும்போது, வீட்டைக் கவனிக்க ஆளில்லை எனத் தம் சிகிச்சையை அவர் தள்ளிப்போடுவதும் உண்டு.

பராமரிப்பவருக்குத் தூக்கமின்மை, முதுகுவலி, மனச்சோர்வு ஆகியன ஏற்படலாம். சினம் வந்தபின் குற்ற உணர்வும் வருகிறது. உறவினர் முறை வைத்து மாறி மாறித் தங்குவது, நாள்தோறும் சில மணி நேரமாவது ஓய்வு தருவது, உறவினருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை வேறொருவர் ஏற்பது ஆகியவை நோயாளருக்குச் செய்யும் உதவிக்கு இணையானவை.

சிறுவர்கள்

சிறுவர் புற்றுநோய்கள் பலவற்றை உரிய சிகிச்சையால் குணப்படுத்த இயலும். ஆனால் வருமானம் குறைந்த நாடுகளில் குழந்தைகள் இடையில் சிகிச்சையைக் கைவிடுவது ஒரு பெருந்தடையாக உள்ளது. குணப்படுத்தும் நோக்குடன் தரப்படும் சிகிச்சைக்குத் தொடர்ந்து 4 வாரங்கள் அல்லது அதற்கு மேல் வராதிருப்பதைச் 'சிகிச்சையைக் கைவிடுதல்' எனப் பன்னாட்டுச் சிறுவர் புற்றுநோயியல் கழகம் வரையறுக்கிறது. தங்க இடமின்மை, கடன், வீட்டில் உள்ள பிற குழந்தைகள், காய்ச்சல் நின்றதும் நோய் நீங்கிவிட்டது என்ற எண்ணம் ஆகியவை இதற்கான காரணங்களுள் சில. மருந்து கையிருப்பில் இருந்தும் குழந்தை இறப்பதற்கு இக்காரணங்கள் போதுமானவை. ஆகவே இலவசத் தங்குமிடம், பயணப்படி, வராதவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தல் ஆகிய எளிய ஏற்பாடுகள் இங்கு உயிர்காப்பனவாகின்றன.

சிறு குழந்தைகள் தாம் செய்த தவறுக்குத் தண்டனையாக நோய் வந்தது என எண்ணிக்கொள்வதுண்டு. நோய் யாருடைய தவறாலும் வரவில்லை என்பதை வெளிப்படையாகக் கூற வேண்டும். ஊசி வலிக்காது எனப் பொய் கூறுவதைவிட, சிறிது வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் எனக் கூறுவது குழந்தையின் நம்பிக்கையைக் காக்கிறது. பெற்றோருக்கு நோய் வந்த வீடுகளிலும், நோயுற்ற குழந்தையின் உடன்பிறந்தோருக்கும் இவ்விளக்கம் தேவை.

ஆய்வுச் சான்றுகள்

ஆதரவு ஆயுளை நீட்டிக்குமா என்ற வினா நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது. 1989 இல் தாவீது சுபீகெலும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்கள் பங்கேற்றனர். வாராந்திர ஆதரவுக் குழுவில் இருந்தோர் சராசரியாக 36.6 மாதங்களும், மற்றவர்கள் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர். இது பெரும் எதிர்பார்ப்பை ஏற்படுத்தியது. ஆனால் 2001 இல் 235 பெண்களைக் கொண்டு கனடாவில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. குழுவில் இருந்தோரின் மன வருத்தமும் வலியுணர்வும் குறைந்திருந்தன. 2007 இல் சுபீகெலின் குழுவினரே மீண்டும் செய்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் நீளவில்லை. ஆகவே குழு ஆதரவின் பயன் வாழ்நாளின் நீளத்தில் அன்று, அதன் தன்மையில் உள்ளது என்பதே இன்றைய பொதுக் கருத்து.

மருத்துவக் கவனிப்புடன் இணைந்த ஆதரவு பற்றிய முடிவுகள் வேறாக உள்ளன. 2010 இல் வெளியான ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலேயே நோய்த் தணிப்புச் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்பட்டது. அவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் 16 விழுக்காடாகவும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிடம் 38 விழுக்காடாகவும் இருந்தன. இடைநிலை வாழ்நாள் முறையே 11.6, 8.9 மாதங்கள். 2017 இல் வெளியான மற்றோர் ஆய்வில் 766 நோயாளர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தம் அறிகுறிகளைக் கணினி வழியே பதிவு செய்தனர். அறிகுறி கடுமையானால் செவிலியருக்கு மின்னஞ்சல் சென்றது. இப்பிரிவினரின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், மற்றவர்களுடையது 26.0 மாதங்கள். இங்கு பயன்பட்ட மென்பொருள் மிக எளியது. பதிவைப் படித்து நோயாளரை அழைத்துப் பேச ஒருவர் இருந்ததே அதைப் பயனுள்ளதாக்கியது.

தவறான கருத்துகள்

* மன உறுதியிருந்தால் புற்றுநோயை வெல்லலாம் என்பது: இதற்குப் போதிய சான்று இல்லை. இக்கருத்து, நோய் முற்றியவரிடம் அவர் போதிய உறுதியுடன் இல்லை என்ற பழியையும் சேர்க்கிறது. அழுவது சிகிச்சையைக் கெடுக்காது.
* புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்பது: புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. தட்டு, தம்ளர், படுக்கை ஆகியவற்றைப் பிரித்து வைப்பது தேவையற்றது, புண்படுத்துவது.
* கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரைத் தொடக்கூடாது என்பது: வெளியிலிருந்து கருவியால் கதிர்வீச்சு பெறுபவரின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. குழந்தைகளைத் தூக்கலாம். உடலினுள் கதிரியக்கப் பொருள் செலுத்தப்படும் சில சிகிச்சைகளுக்கு மட்டும் மருத்துவமனை தனி விதிகளைக் கூறும்.
* முன்வினைப் பயன் என்பது: இவ்வெண்ணம் சிலருக்கு ஏற்புணர்வைத் தந்தாலும், பலருக்குக் குற்ற உணர்வையும் நோயை மறைக்கும் போக்கையும் தருகிறது.
* நோய்த் தணிப்புச் சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டும் உரியது என்பது: குணப்படுத்தும் சிகிச்சையுடன் சேர்த்தும் அதை அளிக்கலாம்.

இந்தியாவில்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி நிறுவனம் உருவானதே ஒரு குடும்பத் துயரிலிருந்துதான். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923 இல் புற்றுநோயால் இறந்தார். அவரது நீண்ட கால முயற்சியால் 1954 இல் இந்திய மாதர் சங்கத்தின் கீழ் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. 1955 இல் அங்குப் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021 இல் மறையும் வரை அந்நிறுவனத்துடன் இணைந்திருந்தார். அங்கு உளப்புற்றுநோயியலுக்கெனத் தனித் துறை இயங்குகிறது.

மும்பையில் 1941 இல் டாட்டா நினைவு மருத்துவமனையும், 1951 இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கமும் தோன்றின. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மும்பைக்கு வரும் குழந்தைகள் குடும்பத்துடன் இலவசமாகத் தங்குவதற்காக 2006 இல் அங்குத் தொடங்கப்பட்ட செயின்ட் சூட் இந்தியா மையங்கள், பின்னர் வேறு பல நகரங்களுக்கும் பரவின. தில்லியில் 1996 இல் தொடங்கப்பட்ட கேன்சப்போர்ட் அமைப்பு நோயாளரின் வீடுகளுக்கே சென்று உதவுகிறது.

கேரளம் இத்துறையில் தனித்த வழியைக் காட்டியது. 1993 இல் கோழிக்கோட்டில் வலி, நோய்த் தணிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் அண்டையர் வலைப்பின்னல் என்னும் முறை உருவானது. இதில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றுத் தம் பகுதி நோயாளரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். அரிசி, பள்ளிக் கட்டணம், பேச்சுத்துணை என எது தேவையோ அதைச் செய்கின்றனர். மருத்துவரும் செவிலியரும் அவர்களுக்குத் துணை நிற்கின்றனர். கேரள அரசு 2008 இல் இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் வலி தணிக்கும் மார்பின் கிடைப்பது அரிதாகியிருந்தது. 2014 இல் செய்யப்பட்ட திருத்தம் அதன் மருத்துவப் பயன்பாட்டுக்கான விதிகளை எளிதாக்கியது.

நிதியுதவியைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவை ஏற்றன. இந்திய அரசின் ஆயுசுமான் பாரத் திட்டம் 2018 இல் தொடங்கியது. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது; இதற்கு உரிய படிவத்தில் மருத்துவரின் சான்று தேவை. தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிலேயே அளிக்கப்படும் நோய்த் தணிப்புச் சேவையும் அடங்கும்.

இலங்கையில்

இலங்கையின் அரச மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமாக அளிக்கப்படுகிறது. எனினும் கொழும்பை அடுத்த மகரகமையில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை நீண்ட காலம் முதன்மை மையமாக இருந்ததால், வடக்கிலிருந்து வருவோருக்குத் தொலைவும் மொழியும் சுமையாக இருந்தன. 2011 இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மேற்கொள்ளப்பட்ட 'டிரெயில்' நடைபயணத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டு, யாழ்ப்பாண மாவட்டத்தின் தெல்லிப்பளையில் புற்றுநோய் மருத்துவமனை அமைக்கப்பட்டது. சிகிச்சையை ஊருக்கு அருகில் கொண்டுவருவதும் ஆதரவின் ஒரு வடிவமே.

சிகிச்சைக்குப் பின்

சிகிச்சை முடிந்த நாளில் குடும்பம் மகிழ்கிறது. நோயாளருக்கோ அன்று புதிய அச்சம் தொடங்கலாம். இதுவரை வாரந்தோறும் பார்த்த மருத்துவரும் செவிலியரும் இனி சில மாதங்களுக்கு ஒருமுறைதான் பார்ப்பர். ஒவ்வொரு தலைவலியும் நோய் திரும்பியதோ என்ற ஐயத்தை எழுப்புகிறது; பரிசோதனை நாள் நெருங்கும்போது தூக்கம் கெடுகிறது. களைப்பும் மறதியும் பல மாதங்கள் நீடிக்கக்கூடும். வெளியில் நலமாகத் தோன்றுவதால், அலுவலகமும் வீடும் பழைய வேகத்தை எதிர்பார்க்கின்றன. பணிக்குப் படிப்படியாகத் திரும்புதல், தொடர் பரிசோதனைக்கு ஒருவர் உடன் செல்லுதல், அச்சத்தைப் பற்றிப் பேச இடமளித்தல் ஆகியன இக்காலத்திலும் தேவைப்படுகின்றன. உதவி பெரும்பாலும் நோயறியப்பட்ட முதல் மாதத்தில் குவிந்து, பின்னர் குறைந்துவிடுகிறது. தேவையோ அவ்வாறு குறைவதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* புற்றுநோய்
* வேதிச்சிகிச்சை
* கதிர்வீச்சுச் சிகிச்சை
* நோய்த் தணிப்புச் சிகிச்சை
* மனச்சோர்வு
* முத்துலட்சுமி ரெட்டி